அரபிக்கடலுக்கு மேலே ஒரு பாங்கு

விமானத்துக்குள் பயணிகள் போன் பாவிக்கலாமா கூடாதா என்று என்னிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. போன நோன்புக்கு முன்னம் கேட்டிருந்தால், தாராளமாகப் பாவிக்கலாம் என்றிருப்பேன். இப்போது கேட்டால், முதலில் யன்னல் மூடியைத் தூக்கி வெளியே பாருங்கள், பிறகு பாவியுங்கள் என்பேன். இந்தப் புத்தி எனக்குச் சும்மா வரவில்லை. எட்டுப் பேருடைய நோன்பைக் கெடுத்துவிட்டுத்தான் வந்தது. அந்த எட்டில் ஒன்று என்னுடையது.

நோன்பு மாதத்தில் மக்காவுக்கு உம்ராப் பயணம் போக வேண்டும் என்பது என் மாமியின் ஆசை. மாமி என்றால் மனைவியின் உம்மா. கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பது. அந்தக் கணக்கில் இருபத்திரண்டு வருடமாக மாமியின் கண்ணுக்கு முன்னாலேயே சாப்பிட்டு, மாமியின் கண்ணுக்கு முன்னாலேயே தூங்கி எழும்புகிறேன். அவரைக் கூட்டிப்போக வேண்டியவர் மச்சான், மாமியின் ஒரே மகன். ஆனால் சவளக்கடையில் அவருடைய வயல் விளைந்து நின்றது. வெட்டுகிற மெசின் அந்தக் கிழமைதான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். மருமகன் துணைக்குப் போனாலும் மார்க்கத்தில் கூடும்தானே என்று எல்லோரும் சேர்ந்து பயணத்தை என் தலையில் கட்டினார்கள்.

மாமிக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. அதற்கு முந்திய வருடம் கண் ஒப்பரேசன் செய்ததில் நான்கு நோன்பு விடுபட்டுவிட்டது. பிறகு பிடித்துக் கொடுத்துவிட்டார்தான், ஆனாலும் மனம் ஆறவில்லை. இந்த முறை முப்பதும் முழுசாக, நாளுக்கு நாள், ஒன்றுகூடத் தவறாமல் பிடிப்பது என்று நிய்யத்து வைத்திருந்தார். பயணத்தில் இருப்பவர் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கலாம், அதற்கு அனுமதி இருக்கிறது என்று நானும் சொன்னேன், பள்ளிவாசல் மௌலவியும் சொன்னார். அனுமதி இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் விடுங்கள் என்றார் மாமி. அதற்குப் பிறகு எனக்கும் விட முடியவில்லை.

இன்னொரு விசயத்தையும் சொல்ல வேண்டும். மாமி தன் கைப்பைக்குள் இரண்டு பெட்டி பேரீச்சம்பழம் வைத்திருந்தார். சவூதிக்குப் பேரீச்சம்பழம் கொண்டுபோகிற ஒரே ஆள் நீங்களாகத்தான் இருக்கும் என்று நான் பகிடி பண்ணினேன். வழியில் நோன்பு துறக்க நேர்ந்தால் உங்கள் பகிடியையா கடிக்கிறது என்று கேட்டார்.

பகல் இரண்டரை மணிக்குக் கட்டுநாயக்காவிலிருந்து விமானம் கிளம்பியது. மாமிக்கு யன்னலோரம், எனக்கு நடு ஆசனம். எனக்கு மற்றப் பக்கத்தில் ஒருவர், பின்னால் மூன்று பேர், நடைபாதைக்கு அப்பால் மூன்று பேர் என்று அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு உம்ராக் கூட்டம் எங்களைச் சூழ்ந்திருந்தது. அவர்களில் மூத்தவர், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு ஹாஜியார், எனக்கு நேர் பின்னால் இருந்தார். மாமியின் முகத்தில் வெயில் சுள்ளென்று அடித்ததால் யன்னல் மூடியை நான்தான் இழுத்துவிட்டேன். மற்றவர்களும் மூடினார்கள். விளக்கையும் குறைத்துவிட, நோன்பாளிகள் எல்லோரும் கண்ணயர்ந்தார்கள்.

நான் மட்டும் தூங்கவில்லை. இந்த விமானத்தில் வைஃபை உண்டு, போனில் கதைக்கவும் தடையில்லை என்று பணிப்பெண் அறிவித்திருந்தார். வானத்திலிருந்து கோல் எடுப்பேன் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். முதல் கோல் வீட்டுக்கு. மனைவி நலம் விசாரித்துவிட்டு, மோட்டர் அறையைப் பூட்டின திறப்பை எங்கே வைத்தேன் என்று கேட்டாள். இரண்டாவது கோல் மச்சானுக்கு. எங்கே நிற்கிறீர்கள் என்றார். மேலே என்றேன். எந்த மேலே என்றார். பிறகு, மேலேயிருந்து பார்த்தால் வயலுக்குள் மாடு கீடு இறங்கியிருக்கிறதா என்று தெரியுமா என்று கேட்டார். கீழே கடல்தான் இருக்கிறது மச்சான் என்று சொல்லி வைத்தேன். அப்படியே ஏழெட்டுப் பேருக்கு எடுத்து, எல்லோரிடமும் அதே பெருமையைக் கொட்டினேன்.

எங்கள் ஊர் நேரம் ஆறேகாலுக்குக் கொஞ்சம் முன்னால் மச்சான் வீடியோவில் வந்தார். வயலில் இருந்து நேரே நோன்பு துறக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பாய் விரித்து, கஞ்சிக் கோப்பைகளும் சம்சாத் தட்டும் வைத்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. மாமியை எழுப்பினேன். காதில் மாட்டுவதைக் கொடுத்தால் முக்காட்டுக்கு மேலே நிற்க மாட்டேன் என்றது. முக்காட்டைக் கழற்றவா முடியும். ஆகவே சத்தத்தைக் கூட்டி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கஞ்சி தண்ணியாகக் கிடக்கிறது, யார் காய்ச்சியது என்று மாமி அரபிக்கடலுக்கு மேலே இருந்து விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்னது.

எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊரிலேயே பெரியது. போனுக்குள்ளால் வந்தும் அது குறையவில்லை. அரையிருட்டில் தூங்கிக்கொண்டிருந்த அக்கரைப்பற்றார் ஏழு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். மாமி போனை என் மடியில் போட்டுவிட்டு எழும்பினார். பெட்டி திறந்தது. முதல் பழம் என் கையில். அடுத்தது பக்கத்தில் இருந்தவருக்கு, பிறகு என் தலைக்கு மேலால் பின்னாலுள்ள மூவருக்கு, பிறகு நடைபாதைக்கு அப்பாலுள்ள மூவருக்கு. நோன்பாளிக்குத் துறக்கக் கொடுப்பதில் மாமியை யாரும் முந்த முடியாது. பிஸ்மி சொன்னேன், கடித்தேன், மென்றேன், விழுங்கினேன். பசி வயிற்றில் அது இறங்கின சுகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எல்லோருக்கும் கொடுத்த பிறகுதான் மாமி தனக்கு ஒன்று எடுத்தார். அவர் வீட்டிலும் அப்படித்தான், கடைசி ஆள் வாய் வைத்த பிறகுதான் அவர் வாய் வைப்பார். அந்தப் பழம் விரலில் இருந்து வழுக்கி ஆசனத்துக்கு அடியில் விழுந்தது. குனிந்து தேடினார், தெரியவில்லை. வெளிச்சம் வேண்டுமென்று யன்னல் மூடியைத் தூக்கினார்.

பொரி வெயில். உள்ளே வந்து எங்கள் எட்டுப் பேருடைய முகத்திலும் அடித்தது. எட்டு வாயும் அசையாமல் நின்றன.

மாமி வெளியே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மகன், இது என்ன?"

"சூரியன், மாமி."

"அது எனக்குத் தெரியும். இந்த நேரத்தில இஞ்ச என்ன செய்யிது?"

விளங்கப்படுத்தினேன். நாங்கள் மேற்கே போகிறோம், சூரியனும் மேற்கே போகிறது, நாங்கள் அதைத் துரத்துவதால் அது மறைய நேரமெடுக்கும், பதினைந்து பாகைக்கு ஒரு மணித்தியாலம், கல்முனையில் பாங்கு சொன்னால் அது கல்முனைக்கு மட்டும்தான். வகுப்பில் போலவே நன்றாகத்தான் விளங்கப்படுத்தினேன். ஹாஜியார் விழுங்கியது போக மிச்சப் பழத்தை ஒரு கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, முழுதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சேர் என்ன பாடம் படிப்பிக்கிற?"

"புவியியல்," என்றேன்.

 ஹாஜியார் முன்னாலிருந்த பையில் வாந்தி எடுக்க வைத்திருக்கும் காகித உறையை எடுத்துப் பழத்தைத் துப்பினார். அதைப் பார்த்து மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு உறையைத் தேடினார்கள். பணிப்பெண் ஓடி வந்தார். சாப்பாடே கொடுக்காத ஏழு பேர் ஒரே நேரத்தில் உறைக்குள் முகம் புதைத்திருப்பதைக் கண்டு அவர் பயந்துபோனார். எனக்கு மட்டும் உறை தேவைப்படவில்லை. துப்புவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மடியில் கிடந்த போனில் மச்சான் இன்னும் இருந்தார். விசயத்தைச் சொன்னதும், கையில் கஞ்சிக் கோப்பையோடு பள்ளிவாசலுக்கு ஓடினார். மௌலவியிடம் கேட்டு அங்கிருந்தே சொன்னார்: தெரியாமல் செய்ததால் குற்றமில்லை. ஆனால் தின்றவர்களுக்கு அந்த நோன்பு சேராது, இனிச் சூரியன் மறையும் மட்டும் ஒன்றும் வாயில் வைக்காமல் இருந்துவிட்டு, பிறகொரு நாள் அதைக் கழாவாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். தின்னாதவருடைய நோன்பு அப்படியே இருக்கிறது. ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோரும் கேட்டார்கள்.

மாமியின் முப்பது தப்பிவிட்டது. சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவர் பேசாமல் என் போனை வாங்கி, நிறுத்தி, பாஸ்போர்ட்டுகளோடு கைப்பைக்குள் வைத்து இழுத்து மூடினார். அடியில் கிடந்த பழத்தை எடுத்து கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டார். ஜித்தாவில் இறங்கும்போதும் சூரியன் போகாமல்தான் நின்றது. குடிவரவு வரிசையில் நிற்கும்போது அங்கத்தைய பாங்கு கேட்டது. பதினாறு மணித்தியாலம் பிடித்த நோன்பை மாமி அந்த விழுந்த பழத்தால் துறந்தார். எனக்கும் ஒன்று தந்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பயணம் முழுக்க எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பெருநாள் முடிந்து இரண்டு கிழமையில் மாமி என்னைக் கூப்பிட்டார். ஹாஜியாருக்குக் கோல் எடுக்கச் சொன்னார். கழா நோன்பை எல்லோரும் ஒரே நாளில் பிடித்து, எங்கள் வீட்டில் வந்து துறக்க வேண்டுமாம். வந்தார்கள். ஏழு பேரும் ஒரு வேனில், அக்கரைப்பற்று ரொட்டிப் பொதியோடு. அன்று அசர் தொழுகைக்குப் பிறகு குசினிக்குள் போனபோது மனைவி மெதுவாகச் சொன்னாள், உம்மா விடியக்காலையில் இருந்து ஒரு மிடறு தண்ணிகூடக் குடிக்கவில்லை என்று. மாமி அடுப்படியில் கஞ்சி துழாவிக்கொண்டு நின்றார்.

"மாமி, உங்கட நோன்பு போகல்லயே. முப்பதும் முழுசாத்தானே இரிக்கி," என்றேன்.

அவர் அகப்பையை நிறுத்தவில்லை.

"எட்டுப் பேருக்கும் என்ட கையாலதானே மகன் குடுத்த. நான் மட்டும் எப்பிடி முழுசு?"

 விமானத்தில் அவர் பேசாமல் இருந்தது என்மேல் கோபத்தில் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பாய் விரித்தோம். மாமி ஒரு பெரிய தட்டை நீட்டி எல்லோருடைய போனையும் வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். ஒவ்வொரு கையிலும் ஒரு பழம் கொடுத்தார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னது, அதே ஒலிபெருக்கி, அதே சத்தம். ஒரு கையும் வாய்க்குப் போகவில்லை. ஹாஜியார் உட்பட ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பி முற்றத்துக்குப் போய், மேற்கே நன்றாகப் பார்த்துவிட்டு வந்து, சூரியன் போய்விட்டது என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் கடித்தார்கள். மாமி அன்றும் கடைசியாகத்தான் வாய் வைத்தார்.