ஊரின் உறுதியை வாசித்த பவளம் அக்கா

வியாழக்கிழமை காலை பத்து மணியிருக்கும். நூலகத்தின் கீழ்த்தளத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பவளம் அக்காவின் மகள் மதுராவின் அழைப்பு வந்தது.

"அம்மா விடியப்புறம் போட்டா அண்ணை. நினைவு திரும்பாமலே..."

நான் மேலாளரின் அறைக்குப் போய், பவளம் அக்கா காலமாகிவிட்டார் என்று சொன்னேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுத்துச் சற்று யோசித்தார். "ஓ, சேலை கட்டிக்கொண்டு வருவாரே, அந்த அம்மாவா? பாவம்" என்றார்.

அதே கட்டடத்தின் மேல்மாடியில், வாரத்துக்கு மூன்று நாளாக ஏழு வருடம் உழைத்த பெண்மணி அந்த மனிதருக்கு வெறும் சேலை. அஞ்சலி எழுதுகிறவன் அடக்கத்தோடு எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என்னால் முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

திருமதி பவளராணி சிவஞானசுந்தரம் யாழ்ப்பாணத்தில், பத்திரங்களுக்குச் சான்றளிக்கும் ஒரு நொத்தாரிசிடம் இருபது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். காணி உறுதிகளை, அதாவது நிலப் பத்திரங்களை, எழுதுவதும், பழைய உறுதிகளை வாசித்து எல்லைத் தகராறுகளுக்கு விளக்கம் எடுத்துக் கொடுப்பதும் அவருடைய தொழில். பிறகு ஜெர்மனியில் சில காலம். கணவர் இறந்தபின் மகள் மதுராவோடு லண்டனுக்கு வந்து சேர்ந்தார். அவர்கள் வீடெடுத்த எங்கள் ஊர் தென் லண்டனின் விளிம்பில் இருக்கிறது. ஒரு காலத்தில் தனிச் சந்தை நகரமாக இருந்து, பின்னர் லண்டன் விழுங்கிக்கொண்ட ஊர்.

இரண்டாயிரமாம் ஆண்டு தொடங்கிச் சில மாதங்களே இருக்கும், ஒரு நாள் நூலகத்துக்கு வந்து என் முன்னால் நின்றார். நான் தமிழன் என்று முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார்.

"தம்பி, எங்கட தெருவுக்கு வெல் லேன், கிணத்துத் தெரு எண்டு பேர். அப்ப கிணறு எங்க?"

எனக்குத் தெரியவில்லை. மேல்மாடியில் ஊர் வரலாற்று அறை ஒன்று இருந்தது. பழைய வரைபடங்கள், தேவாலயப் பதிவேடுகள், வரிப் புத்தகங்கள், நூறு வருடத்து உள்ளூர்ப் பத்திரிகைகள். அங்கே அனுப்பிவைத்தேன். மூன்று வாரம் கழித்து வந்து, "கிணறு சூப்பர்மார்க்கெட்டின்ர கார் பார்க்குக்குக் கீழ கிடக்கு. மூடினவங்கள் மூடினது எண்டு ஒரு கல்லாவது வைச்சிருக்கலாம்" என்றார். அன்றிலிருந்து அவர் அந்த அறையை விட்டுப் போகவே இல்லை.

அந்த அறையில் எந்தத் தாளில் எது இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அக்கா ஒவ்வொரு கட்டாகப் பிரித்து வாசித்தார். பிரித்தறிய முடியாத பழைய கையெழுத்தெல்லாம் அவருக்குப் பழகிப்போயிற்று. தெரு, குடும்பம், வயல், ஓடை என்று சிறு அட்டைகளில் எழுதி இழுப்பறைகளில் அடுக்கினார். உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவர் ஒருநாள் வந்து, "எங்கள் வரலாற்றில் நீங்கள் அக்கறை காட்டுவது எவ்வளவு மகிழ்ச்சி" என்று புன்னகைத்தார். அவர் போனபின் அக்கா என்னிடம் சொன்னார்: "அவையின்ர வரலாறு எண்டால் அவையே வாசிக்கட்டுமன். பிறகேன் தாத்தாவின்ர வீட்டைத் தேடித் தா எண்டு என்னட்ட வாறார்?"

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு கலியாண வீட்டில், "வெள்ளைக்காரன்ர பழங்கடதாசியைக் கிளறி உங்களுக்கு என்ன வரப்போகுது?" என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அக்கா சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் குடியிருக்கிற ஊர். நான் விசாரியாமல் ஆர் விசாரிக்கிறது?"

பிறகு அந்தப் புல்வெளி விவகாரம் வந்தது. எங்கள் ஊரில், ஏழை முதியோருக்கென்று பல தலைமுறைகளுக்கு முன் கட்டிய வரிசை வீடுகள் உண்டு. இன்றும் எட்டுப் பேர் அங்கே வாழ்கிறார்கள். பின்னால் ஒரு புல்வெளி. அதில் அடுக்குமாடி கட்டுவதற்குக் கவுன்சில் திட்டம் போட்டது. புல்வெளி கவுன்சிலுடையதாம், எந்தத் தடையும் இல்லையாம். அக்கா பெட்டி பெட்டியாகத் தேடி, ஒரு விதவை எழுதிவைத்த நன்கொடை உறுதியை எடுத்தார். அந்த வீடுகளில் இருப்போர் துணி காயவைக்கவும் காற்று வாங்கவும் அந்த நிலத்தை என்றென்றைக்கும் விட்டுவைத்திருந்தார் அந்தப் பெண்மணி.

பொதுக்கூட்டத்தில் கவுன்சிலின் வழக்கறிஞர் எழுந்து, அந்த உறுதி சொல்லும் நிலம் வேலியோடு முடிந்துவிடுகிறது, புல்வெளி அதற்கு அப்பால் என்றார். அக்கா எழுந்தார். அவருடைய ஆங்கிலம் மெதுவானது, பிழையற்றது.

"கிழக்கெல்லை ஓடை என்று எழுதியிருக்கிறது. வேலி என்ற சொல்லே இந்த உறுதியில் இல்லை. ஓடை புல்வெளிக்கும் அப்பால் இருக்கிறது; நான் நேற்று நடந்து பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா?"

அவர் பார்த்திருக்கவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. மறுவாரம் உள்ளூர்ப் பத்திரிகையில், உறுதியைக் கையில் பிடித்தபடி சங்கத் தலைவரின் படம் வந்தது. பக்கத்தில் நின்ற அக்காவின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. செய்தியில் அவர் பெயர் இல்லை. நான் கொதித்தேன். அக்கா, "புல்வெளி தப்பிச்சுதே, அது காணும்" என்றார். எனக்கு அது அன்றும் போதவில்லை, இன்றும் போதவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்த அறையையே மூடினார்கள். எல்லாம் கணினிக்கு மாறுகிறது என்று அறிவித்தார்கள். வரைபடங்களும் பதிவேடுகளும் எங்கோ ஒரு தொழிற்பேட்டைக் கிடங்குக்குப் போயின. அக்காவின் அட்டைகள் நூலகச் சொத்துப் பட்டியலில் இல்லை என்று, பதினொரு இழுப்பறைகளையும் வாசலில் நின்ற இரும்புக் குப்பைத் தொட்டியில் கொட்டினார்கள். நான் அங்கேதான் நின்றேன். வேலை போய்விடுமென்று பயந்து வாயைத் திறக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் கோபப்படும் ஆட்களின் வரிசையில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை அக்கா வந்தார். இரவு பெய்த மழையில் அட்டைகள் ஊறிக் கூழாகியிருந்தன.

"நீர் பாத்துக்கொண்டே நிண்டனீர்?"

"ஓம் அக்கா."

அதன்பின் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சேலையைச் செருகிக்கொண்டு, காயக்கூடிய அட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினார். நானும் பொறுக்கினேன். ஒரு பை நிறையத்தான் தேறியது.

வீட்டில், சமையலறை மேசையில், நினைவிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினார். நோய் வந்த பிறகும் எழுதினார். கடைசியாகப் பார்க்கப் போனபோது, "அந்தக் கிடங்கில மழை ஒழுகுதோ எண்டு ஒருக்கால் போய்ப் பாரும்" என்றார். போனேன். கவுன்சிலின் அனுமதிக் கடிதம் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். நான் திரும்பி வருமுன் அக்காவுக்கு நினைவு தப்பிவிட்டது.

தகனத்தன்று, வரிசை வீடுகளின் அந்த எட்டு முதியவர்களும் ஒரு சிறு பேருந்தில் வந்து இறங்கினார்கள். ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் முன்வரிசையில் போய் அமர்ந்தார்கள். உறவினர்கள் எழுந்து இடம் விட்டார்கள். கவுன்சில் ஒரு மலர்வளையம் அனுப்பியிருந்தது. அதிலிருந்த அட்டையில் பெயரின் பாதியைக் காணவில்லை, மீதிப் பாதியும் பிழை. மதுரா அதை இருமுறை வாசித்தார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். அட்டையை அம்மாவின் பெட்டிமேல் வைத்து, அச்சடித்த பெயரைக் குறுக்கே வெட்டிவிட்டு, அதன் கீழே தமிழில், எழுத்தெழுத்தாக, நிதானமாக எழுதினார்: பவளராணி சிவஞானசுந்தரம்.

அக்கா, அமைதியாகப் போங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் போங்கள். அமைதியில்லாமல் இருக்க இங்கே நாங்கள் இருக்கிறோம்.