பூக்கட்டிக் கேட்ட கல்யாணம்

அது அறுபதோ, அறுபத்தொன்றோ. மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் வேலை பார்த்தவரை நான் விரும்பினேன். அவருடைய முதல் மனைவி கல்யாணமான வருஷமே இறந்திருந்தாள். ஊர் என்னென்னவோ பேசியது. பயந்துபோன அப்பா, ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு அம்மனிடம் பூக்கட்டிக் கேட்கச் சொன்னார். வெள்ளைப் பூ வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் கிடையாது.

அம்மா மடித்து வைத்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுத்தேன். வெள்ளை. அப்பா கும்பிட்டுவிட்டு வெளியே போனார். மற்றதையும் பிரித்துப் பார்த்தேன். அதுவும் வெள்ளை!

"என்னம்மா இது?"

"சிவப்பு வந்தா மட்டும் அந்த ஆளை மறந்துடுவியாக்கும்? வாயை மூடிட்டு வாடி."

அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

நான் கட்டிக்கொண்டவர் தங்கமான மனிதர் என்பது பின்னால் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மன் எந்தப் பதிலும் சொல்லவில்லை என்பதுதான். அப்படியும் அவளை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன்.