வெள்ளி மயில் சாய்ந்த காலை

அன்று மாலை தஞ்சாவூரிலிருந்து மாமியார் வருவதாக இருந்தது. அவர் தந்த பழைய வெள்ளி மயில் விளக்கைப் பளபளப்பாக்க, தோழி இமெயிலில் அனுப்பிய குறிப்பின்படி, சோடா உப்பு போட்ட கொதிநீரில் மூழ்க வைத்தேன். அடியிலிருந்து கறுப்பாக ஏதோ வழிந்தது. தூக்கினால், மயில் ஒரு பக்கமாகச் சரிந்தது. எங்கள் பக்கத்துப் பேட்டையான குஷாய்குடாவிலிருக்கும் வெள்ளிப் பட்டறைக்கு ஆட்டோவில் ஓடினேன்.

“அரே, சுடுதண்ணி நக்கோம்மா, கூடவே கூடாது! உள்ளே அரக்கு இருக்கு. அதுலதான் மயில் நிக்குது” என்ற பட்டறைக்காரர், புது அரக்கு நிரப்பி மயிலை நிமிர்த்தித் தந்தார்.

மூச்சு விடாமல் விளக்கைப் பூஜை அறையில் வைத்தேன். மாலையில் வந்த மாமியார் அதை உற்றுப் பார்த்தார்.

“மயில் நேரா நிக்குதே! நான் வெந்நீர்ல போட்ட நாள்லேர்ந்து லேசா சாஞ்சுல்ல இருந்துச்சு?”

இப்போது விளக்கைத் துடைக்க விபூதியும் பருத்தித் துணியும்தான். தான் வெந்நீரில் போட்டதை மாமியார் வெட்கப்பட்டு என்னிடம் சொல்லவில்லையாம். நான் வெட்கத்தை விட்டு உங்களுக்கு எழுதிவிட்டேன்.