கேளாமலே நகர்ந்த கை

என் மகள் வானூர்தி ஓட்டியாக இருந்தவள். செவியில் ஏற்பட்ட ஒரு கோளாறு அவளைத் தரையில் இருத்திய பிறகு, அத்தொழிலின் ஓரத்திலேயே வேறொரு பணியைத் தேடிக்கொண்டாள். வானில் தீயோ புகையோ பொறிப்பழுதோ நேரும்போது, ஓட்டிகள் புரட்டிப் பார்த்து வரிவரியாகச் செய்வதற்கென ஒரு கையேடு உண்டு. இடர்காலச் சரிபார்ப்புப் பட்டியல் என்று நான் சொல்வேன்; செக்லிஸ்ட் என்று அவள் சொல்வாள். அப்பட்டியல் மெய்யான இடரில் கைகொடுக்குமா என்பதைத் தரையிலேயே ஆய்ந்து சொல்வதுதான் அவள் பணி. ஆய்வு நடப்பது சிமுலேட்டரில். வானூர்தியின் முன்னறையை அப்படியே செய்து ஒரு கூடத்தில் நிறுத்தியிருப்பார்கள். அதற்குள் இருவரை அமர்த்திக் கதவைச் சாத்தி, வெளியே இருக்கும் மேசையிலிருந்து இடரை ஏவுவார்கள். சன்னலுக்கு வெளியே தெரியும் வானமும் மலையும் வெறும் திரை. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு வியர்க்கும் வியர்வை மெய்.

இவ்வாய்வுக்கு ஓர் அடிப்படை அறம் உண்டு. உள்ளே இருப்பவர்கள் வரப்போகும் இடர் எது என்பதை அறிந்திருக்கக் கூடாது; அந்தப் பக்கத்தை முன்னரே படித்திருக்கவும் கூடாது. அறிந்துவிட்டால் ஆய்வுக்கு உள்ளாவது அவர்களுடைய நினைவாற்றல், பட்டியல் அன்று. இதனை அவள் எனக்குச் சொன்னபோது, தேர்வுத்தாளை முன்கூட்டியே காட்டலாகாது என்பதுதானே என்றேன். “அதை விடப் பெருசு அத்தா. பரிச்சையில தோத்தா மறுபடி எழுதலாம்” என்றாள்.

எங்கள் குடும்பம் விருதுநகரில் வற்றல் வணிகம் செய்த குடும்பம். நான் மட்டும் கடைக்குப் போகாமல் கல்லூரிக்குப் போய்த் தமிழ் கற்பித்தேன். என்னுடன் பயின்றவர் ஒருவர் சிவகாசியில் அச்சகம் நடத்துகிறார். நாட்காட்டியும் டயரியும் அடிப்பது அவர் குடும்பத் தொழில். ஏழாயிரம்பண்ணையில் ஒரு வெடி ஆலையிலும் பங்கு உண்டு. அவர் வேறு சமயம், நான் வேறு சமயம் என்பது எங்கள் இருவருக்கும் ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. நானும் அவரும் மச்சான் என்றே அழைத்துக்கொள்வோம். என் மகள் அவருக்கு மருமகள். என் தூய தமிழைக் கேலி செய்யும்போது மட்டும் நான் அவருக்குப் புலவர். என் மனைவி மறைந்த நாளில் மையவாடியின் வாசலில் வெயிலில் நின்று, கடைசிப் பிடி மண் விழுந்த பின்னரே வீடு திரும்பியவர் அவர். நான் பசித்திருப்பேன் என்று அறிந்து உணவு கொடுத்தனுப்பியவரும் அவரே. இதனை இங்கே எழுதாமல் மேலே செல்வது நேர்மையாகாது.

வெளியூர்ப் பறத்தல் பயிற்சிப் பள்ளி ஒன்று அவருடைய பழைய காகிதக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, அதில் ஒரு சிமுலேட்டரை நிறுவியது. அவரும் அதில் பங்குதாரர் ஆனார். பள்ளியின் இடர்காலக் கையேட்டை அச்சிடும் ஆர்டரும் அவருக்கே கிடைத்தது. கையேட்டை ஆய்ந்து ஒப்புதல் தர ஒருவர் வேண்டும் என்று பள்ளி கேட்டபோது, “நம்ம மருமக இருக்கையில வெளியாளு எதுக்கு?” என்று அவர்தாம் என் மகளைப் பரிந்துரைத்தார். ஆய்வு முடிந்த பின்னரே அச்சு என்பது உடன்பாடு.

முதல் ஆய்வுக்கு நான் போகவில்லை. அன்று மாலை உணவு உண்ணும்போது அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

“புகை வந்துருச்சு. ரெண்டு பேரும் மாஸ்க்க மாட்டிட்டாங்க. மாஸ்க்குக்குள்ள இருக்குற மைக்க ஆன் பண்ணுனாத்தான் ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேக்கும். அந்த வரி பக்கத்தோட அடியில கெடக்கு. ஒருத்தன் மேல இருந்து ஒவ்வொரு வரியா வாசிக்கிறான், பக்கத்துல இருக்கவனுக்கு ஒண்ணுமே கேக்கல. ‘என்னலே, என்னலே’ன்னு கையக் கைய ஆட்டுறான். ஊமை நாடகம் அத்தா!”

சிரிப்பு அடங்கியதும் அவள் முகம் மாறியது. மெய்யான புகையில் அந்த நாடகம் எப்படி முடியும் என்பதை அவள் அறிவாள். ஆகவே ஒலிவாங்கியை இணைக்கும் வரியை, மூச்சுமூடி அணியும் வரிக்கு அடுத்ததாக மேலே ஏற்றினாள். முன்னறைக்குள் காற்றைச் சுழற்றும் காற்றாடியை நிறுத்தும் வரி அதற்குப் பிறகு. இன்னொன்றும் சொன்னாள்: நாட்காட்டிக்குப் போடும் பளபளப்பை மாதிரிப் பக்கத்துக்கும் போட்டிருந்தார்கள். முன்னறை விளக்கின் ஒளி பட்டதும் எழுத்துத் தெரியாமல் பக்கம் கண்ணாடியாகிவிட்டது. பளபளப்பு வேண்டாம் என்று திருத்தம் கொடுத்தாள். நண்பருக்கு அதுதான் பொறுக்கவில்லை. “பளபளப்பு இல்லேன்னா சிவகாசில அடிச்சதுன்னு எப்படி மருமகளே தெரியும்?” என்று கேட்டாராம்.

இரண்டாம் ஆய்வுக்கு என்னையும் அழைத்தார். “புலவரே, வாங்க. உங்க மக பண்ற வேலைய ஒருநாளாவது கண்ணால பாக்க வேணாமா? கார் அனுப்புறேன்.” எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவளுடைய வெற்றிகளையெல்லாம் நான் சொல்வழியாகவே அறிந்தவன்.

போனதும் குளிர்ந்த பாலும் முறுக்கும் வைத்தார். “சாப்பிட்டீகளா, எளைச்சுப் போயிட்டீகளே” என்றார். சிமுலேட்டர் என்பதற்குத் தமிழ் என்ன என்று அவர் கேட்க, பறத்தற்பாவனைப் பொறி என்று நான் சொல்ல, “நீங்க இதச் சொல்லி முடிக்கங்குள்ள பிளேன்ல பெட்ரோல் தீந்துரும் மச்சான்” என்று கூடம் முழுவதும் கேட்கும்படி சிரித்தார். பொறியை இயக்கும் பணியாளரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்போது என் மகள், இன்று முதலில் வேறொரு பழுதைக் கொடுத்து, புகையைப் பின்னால் எதிர்பாராத வேளையில் ஏவப்போவதாகச் சொன்னாள். நண்பர் குறுக்கிட்டார்.

“எதுக்கும்மா சுத்தி வளைச்சுக்கிட்டு? அத்தா வந்து உக்காந்திருக்காக. அவுகளுக்குப் புரியுற மாதிரி நேரா அந்தப் புகையவே வையி. எம்புட்டு நேரம் அவுகள உக்கார வைப்ப?”

புகைப் பக்கத்தைப் பற்றித்தான் வீட்டில் அவ்வளவு கேட்டிருந்தேன். நானும் அதைக் காண விழைகிறேன் என்றேன். அவள் சற்றுத் தயங்கி, என் முகத்தைப் பார்த்து, சரி என்றாள். நான் பின்தொடர்ந்து படிக்கும்பொருட்டுத் திருத்திய பக்கத்தின் படி ஒன்றை என் கையில் தந்தாள்.

பயிற்சியாளர் இருவர் உள்ளே சென்றனர். ஓர் இளைஞர், ஒரு பெண். இருவரும் முதல் ஆய்வில் இல்லாதவர்கள். என் மகள் அவர்களுக்குப் பின்னால் நின்றாள். நானும் நண்பரும் வெளியே மேசையருகில் அமர்ந்து திரையில் அவர்களைக் கண்டோம். அவர்களுடைய ஒலிவாங்கிகளில் பேசுவது மேசைமேல் இருந்த ஒலிபெருக்கியில் எங்களுக்கும் கேட்கும்.

எச்சரிக்கை மணி ஒலித்தது. இருவரும் மூச்சுமூடியை அணிந்தனர். இளைஞர் கையேட்டை எடுத்து மடிமேல் விரித்தார். என் கையில் இருந்த படியில் அடுத்த வரி ஒலிவாங்கி. நான் அவ்வொலிக்காகக் காத்திருந்தேன். ஒலிபெருக்கியில் ஓசை இல்லை. மூடிக்குள் அவர் தாடை அசைந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணின் கை மேலே எழுந்து காற்றாடியின் விசையை நிறுத்தியது. தாடை மேலும் ஒரு வரிக்கு அசைந்தது. மேலும் ஒரு விசை நின்றது. அதன் பின்னரே ஒலிவாங்கி இணைந்து, இளைஞரின் குரல் எங்களுக்குக் கேட்டது.

நண்பரின் அச்சகத்து டயரிப் படிகளை ஆண்டுதோறும் பிழைதிருத்திக் கொடுத்துப் பழகிய கண் எனக்கு. வரிசை மாறியிருப்பதை முதலில் கண்டேன். தாளில் இருப்பது ஒன்று, அவர்கள் செய்தது மற்றொன்று. அவர்கள் செய்தது பழைய வரிசை. அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. ஒலிவாங்கி இணையாத நிலையில் இளைஞர் சொன்னது அந்தப் பெண்ணுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? கேட்கவில்லை. கேளாமலே அவள் கை நகர்ந்தது. அவளுக்குக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

நான் நண்பர் பக்கம் திரும்பினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி? தண்ணி பட்ட பாடால்ல இருக்கு!” என்று கைதட்டினார்.

கதவு திறந்து என் மகள் வெளியே வந்தாள். அவள் முகத்தில் சினம் இல்லை. அந்தப் பெண்ணிடம் தாழ்ந்த குரலில், “இந்தப் பக்கத்த இதுக்கு முன்னாடி பாத்திருக்கியாம்மா?” என்று கேட்டாள்.

“மொதலாளி குடுத்த புக்குல இப்படித்தான மேடம் இருந்துச்சு? புகைதான் வரும், நல்லா மனப்பாடம் பண்ணிட்டு வாங்கன்னாக” என்று அந்தப் பெண் வெள்ளந்தியாகச் சொன்னாள். தவறு செய்துவிட்டோமோ என்று அவள் கண் கலங்கியது. என் மகள் அவள் தோளைத் தட்டி, நீ போய்த் தண்ணீர் குடி என்று அனுப்பினாள்.

நண்பர் வெட்கப்படவில்லை. அதுதான் என்னை இன்றுவரை திகைக்க வைக்கிறது. அலமாரியிலிருந்து ஒரு கையேட்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். அழகான கட்டு, பளபளப்பான பக்கங்கள், பழைய வரிசை. முதற்பக்கத்தில், ஆய்ந்து ஒப்புதல் அளித்தவர் என்று என் மகளின் பெயர்.

“முன்னாடியே அடிச்சாச்சு மருமகளே. டயரி சீசன் தலைக்கு மேல நிக்குது. மெஷின நிறுத்தி வச்சிக்கிட்டா இருக்க முடியும்? லோடு ஏத்துறதுதான் பாக்கி. ஒரு வரி மேல கீழ இருந்தா என்ன? பிள்ளைக அம்புட்டு அழகாச் செய்யுதுகல்ல?”

“நெசமாப் புகை வந்தா எந்தப் பிள்ளையும் மனப்பாடம் பண்ணிட்டு வராது மாமா.”

“அடப் போம்மா. வடக்க இருந்து யாவாரி வாரான். ஏழாயிரம்பண்ணப் பொட்டல்ல கூட்டிட்டுப் போயி வெடிச்சுக் காட்டுறோம். எந்தப் பெட்டியப் பிரிப்போம்? நமுத்த பெட்டியவா? நல்லதாப் பாத்துத் தனியா எடுத்து வச்சதத்தான பிரிப்போம். ஊரு ஒலகத்துல உள்ளதுதான இது?”

“அது அவுகளுக்குக் காட்டுறது மாமா. இது நாம பாக்குறது.”

அவருக்கு அது விளங்கவில்லை. விளங்காதது போல் நடித்தார் என்றும் நான் எழுத மாட்டேன். அவர் ஊரில் ஆய்வு என்பதே வாங்க வருபவன் எதிரில் நிகழ்த்திக் காட்டும் ஒன்று. எடுத்து வைத்த பெட்டி வெடிக்கத் தவறாது. அப்பழக்கத்தை அவர் எவ்வித உறுத்தலும் இன்றி இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். இவ்வளவே ஆயின் நான் மன்னித்திருப்பேன். அவர் என்னிடம் திரும்பினார்.

“புலவரே, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்டுக்கிடும்.”

“மச்சான், என்னை இன்று எதற்கு வரச்சொன்னீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“நீங்க பக்கத்துல உக்காந்திருந்தா மருமக ரொம்ப நோண்டாதுன்னுதான்” என்றார்.

என் மகள் என்னைப் பார்த்தாள். ஒரு சொல் நான் சொன்னால் அவள் என்ன செய்திருப்பாள் என்பதை நான் அறியேன். அவளைத் தாயில்லாமல் வளர்த்தவன் நான். என் சொல்லை அவள் மீறியதில்லை. அந்தப் பளபளப்பான பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எங்கோ ஓர் உயரத்தில் புகைக்குள் இருவர் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேளாமல் கைகளை ஆட்டிக்கொண்டிருப்பதை நினைத்தேன். நான் எதுவும் சொல்லவில்லை.

அவள் அங்கேயே நின்று பள்ளியின் தலைமைப் பயிற்றுநரைத் தொலைபேசியில் அழைத்தாள். ஆய்வு செல்லாது, கையேட்டுக்குத் தன் ஒப்புதல் இல்லை, அதில் தன் பெயரை அச்சிட்டிருப்பது தன் இசைவின்றி என்று மூன்றையும் நிதானமாகச் சொன்னாள்.

நண்பர் நாற்காலியில் சரிந்து அமர்ந்தார். “படிச்ச காலத்துப் பழக்கம். எம் பக்கம் ஒரு வார்த்த பேசலையே மச்சான் நீங்க” என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அவரை நான் கைவிட்டேன் என்று அவர் மெய்யாகவே நம்பினார்.

வாசலில் அவருடைய கார் காத்திருந்தது. நாங்கள் அதில் ஏறவில்லை. பேருந்து நிலையம் வரை நடந்து, விருதுநகர்ப் பேருந்தில் ஏறினோம். ஆலை வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் வேளை.

என்னைச் சுட்டது அவர் பொய்யன்று. மனிதர் பொய் சொல்வர். வணிகத்தில் மிகுதியாகச் சொல்வர். ஆனால் என் மகள் என்மீது கொண்ட மதிப்பை அவர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்! மையவாடி வாசலில் நின்றபோது அறிந்தது அது. எங்கள் வீட்டில் உண்டபோது அறிந்தது அது. அன்பினால் மட்டுமே அறியத்தக்க ஒன்றை எடுத்து, அவளுடைய வாயை அடைப்பதற்குப் பயன்படுத்தினார். பாலும் முறுக்கும் வைத்து என்னை அங்கே அமர்த்தியதும், என் தமிழைக் கேலி செய்து சிரிக்க வைத்ததும் அதன்பொருட்டே. அச்சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன் என்பதை நினைக்கும்போது உடல் கூசுகிறது.

அச்சிட்ட கையேடுகளைப் பள்ளி ஏற்கவில்லை. அவை பழைய காகிதமாகப் போயின என்று கேள்விப்பட்டேன். புலவர் மகளைக் கொண்டு கழுத்தறுத்துவிட்டார் என்று அவர் சிவகாசியில் சொல்லிக்கொண்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். மறுக்க நான் போகவில்லை. அவரும் அழைக்கவில்லை.

திருத்திய பக்கத்தை வேறொரு நகரில், வேறொரு பொறியில், எதையும் அறியாத இருவரைக் கொண்டு மீண்டும் ஆய்வு செய்ய ஏற்பாடாயிற்று. அவள் புறப்படும் காலையில், பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நானும் வரட்டுமா என்று கேட்டேன். அவள் காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வேண்டாம் அத்தா. நீங்க இருந்தா, ஏதாவது தப்பாப் பட்டாலும் ரெண்டாவது தடவ கேக்க எனக்கு வாய் வராது. அன்னிக்கு நேராப் புகையவே வையின்னப்ப வரலல்ல?”

அவள் சொன்னது சரி. ஆட்டோ வந்தது. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன்; அவள் போனாள்.