அக்காவின் ஒரு லிட்டர்

அக்கா கர்த்தருக்குள் உறங்கி இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று வீட்டார் எல்லோருமாகச் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் என்பது ஒரு காரணம். கடைசிவரை அக்காவோடு இருந்தவள் என்பது இன்னொன்று. உண்மையைச் சொன்னால், எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன். காரணம், அடக்கத்தன்று எங்கள் வீட்டு வாசலில், என் காதுபடவே நடந்த ஒரு பேச்சு.

"தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டேதான் போச்சாம். தங்கச்சிக்காரி குடுக்கவே இல்லையாம்."

சொன்னவர் யார் என்று எழுதப்போவதில்லை. இந்த மலர் அவர் கைக்கும் வரும், வாசிக்கட்டும்.

அக்கா பரவையில் பிறந்தார்கள். அப்பா அங்கே மிஷன் பள்ளியில் வாத்தியார். நான் விவரம் அறியும் முன்பே அம்மா தவறிவிட்டார்கள். அக்கா நர்சிங் முடித்து மதுரையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எங்கள் வீடு ஒரு வழிக்கு வந்தது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம், பாப்பா படிச்சு முடிக்கட்டும் என்று சொல்லிச் சொல்லியே வயதைக் கடத்திவிட்டார்கள். அந்தப் பாப்பா நான்தான். படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆனது, கணவரும் போய்ச் சேர்ந்தார். பெட்டியோடு பசுமலைக்கு அக்காவிடம் திரும்பி வந்தேன். அக்கா பீரோவில் பாதியைக் காலி செய்து கொடுத்துவிட்டு, சோறு வைக்கப் போனார்கள்.

வார்டு சிஸ்டராக இருந்த காலமெல்லாம் அக்காவுக்கு ஓயாத வழக்கு ஒன்று இருந்தது, நோயாளியோடு இருக்கும் சொந்தக்காரர்களுடன். ட்ரிப்ஸ் ஏறும் ட்யூபில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் ஒருவர் எழுந்து அதை உருட்டிவிடுவார். சீக்கிரம் ஏறினால் சீக்கிரம் தெம்பு வரும் என்று நினைப்பு. ஒருமுறை ஒரு மகன் அப்படித்தான் முழுக்கத் திறந்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பெரியவருக்கு இருதயம் ஏற்கெனவே பலவீனம். ஏறிய தண்ணீர் நெஞ்சில் தேங்கி, மூச்சு முட்டி, வாயில் நுரை தள்ளிவிட்டது. அக்கா ட்ரிப்ஸை மூடி, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்சிஜன் போட்டு, டாக்டரை வரவழைத்தார்கள். பெரியவர் பிழைத்தார். மகனை அக்கா திட்டவில்லை. அவரிடம் சொன்னதை வீட்டுக்கு வந்து என்னிடமும் சொன்னார்கள்.

"மருந்துன்னா அளவு கேக்குறீங்க. தண்ணின்னா எம்புட்டு வேணும்னாலும் ஏத்தலாம்னு நினைக்கிறீங்க. தண்ணியும் மருந்துதாம்ப்பா."

நம் சொந்தங்களுக்கும் இதில் அக்காமேல் வருத்தம் உண்டு. கொஞ்சம் அசதி என்றால் போதும், வந்து ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டுவிட்டுப் போ என்று போன் வரும். அக்கா போவார்கள், நாக்கைப் பார்ப்பார்கள், கணுக்காலை விரலால் அழுத்தி வீக்கம் பார்ப்பார்கள், ஒழுங்காக ஒன்றுக்குப் போகிறதா என்று கேட்பார்கள். பிறகு உப்புப் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். நம் வீட்டு நர்ஸ் நமக்கு ஒரு பாட்டில் போட மாட்டேன் என்கிறாளே என்று முகம் தூக்கியவர்கள் இப்போது இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். தேவைப்பட்டவர்களைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அதே அக்காதான்.

அப்படிப்பட்ட அக்காவுக்கே இருதயம் தளர்ந்தது. கால் வீங்கியது, படுத்தால் மூச்சு வாங்கியது. சிறுநீர் பிரிய மாத்திரை கொடுத்த டாக்டர், ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர்தான் என்றார். எல்லாம் என்றால் காப்பி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர், எல்லாம்தான். மதுரை வெயிலில் ஒரு லிட்டர். நினைத்துப் பாருங்கள்.

அக்காவே ஒரு வழி வைத்தார்கள். காலையில், உடம்பில் நீர் ஏறியிருக்கிறதா என்று எடை பார்த்ததும் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பித் தலைமாட்டில் வைக்க வேண்டும். ஒரு டம்ளர் காப்பி குடித்தால், பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கொல்லையில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். ரசம் குடித்தால் அதற்கும் அப்படியே. பாட்டிலில் மிச்சம் இருப்பதுதான் குடிக்க. தாகத்தோடு படுத்திருப்பவர் கண்முன்னே நல்ல தண்ணீரைச் செடிக்குக் கொண்டுபோவது எப்படி இருக்கும் என்று என்னைத்தான் கேட்க வேண்டும். நான் தயங்கி நின்றால், "ஊத்திட்டு வா, பாப்பா. இல்லாட்டி ராத்திரி நெஞ்சுல வந்து உக்காரும்" என்பார்கள். செடி மட்டும் அந்த வருடம் காடாக வளர்ந்தது.

ஆனையூர் மதினி, எங்கள் பெரியப்பா மருமகள், ஒருநாள் பை நிறைய இளநீரோடு வந்து, ஒரு வாய் குடியுங்கள் என்று அழுதார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா என்னைக் கண்ணால் அடக்கிவிட்டு, இம்புட்டு நல்ல இளநீரை ஒத்தையாகவா குடிப்பது என்று சொல்லி, வந்திருந்த எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். தனக்கென்று ஒரு கரண்டி மட்டும் வாங்கி நாக்கில் வைத்துக்கொண்டார்கள். மதினிக்கு மனசு நிறைந்தது. எனக்கு டம்ளர் கழுவுகிற வேலை மிச்சம்.

வாசலில் பேசியவர் பார்த்தது இதைத்தான்: தாகம் பொறுக்காதபோது அக்கா வாயில் தண்ணீர் வைத்துக் கொப்பளிப்பார்கள். நான் பேசின் பிடித்துக்கொண்டு, துப்புங்கக்கா, துப்புங்க என்று நிற்பேன். வாய் நனைந்தால் கொஞ்ச நேரம் தாங்கும். அந்த உபாயத்தையும் எனக்குச் சொல்லித் தந்தது அக்காதான். வாயில் வாங்கிய தண்ணீரைக்கூடப் பிடுங்குகிறாள் என்று பார்த்தவருக்குத் தோன்றியிருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

கடைசியில் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், இனி அளவு பார்க்க வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. அக்காவுக்கு என்னைவிட நன்றாகவே புரிந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் பெரிய சொம்பில் பானைத் தண்ணீரை வழிய வழிய எடுத்துக்கொண்டு போனேன்.

"குடிங்கக்கா. இன்னைக்கு அளவு கிடையாது."

"அம்புட்டுமா?"

"அம்புட்டும் உங்களுக்குத்தான்."

தலையைத் தூக்கிப் பிடித்தேன். நாக்கு நனையக் குடித்துவிட்டுச் சொம்பை ஒதுக்கினார்கள். என் முகத்தையே பார்த்தார்கள்.

"காலையிலருந்து நீ என்ன குடிச்ச?"

யோசித்தேன். எனக்கு நினைவில்லை.

"உதடெல்லாம் காஞ்சு கிடக்கு. மிச்சத்த நீ குடி, பாப்பா. நான் பாக்கணும்."

அழுதுகொண்டே குடித்தேன். வார்டில் ட்ரிப்ஸ் பாட்டில் இறங்குவதைப் பார்ப்பதுபோல், சொம்பு காலியாகும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்கள். மறுநாள் ஆராதனை மணி அடிப்பதற்கு முன் கர்த்தர் அழைத்துக்கொண்டார்.

நோய்ப் படுக்கையில் வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், அக்காவின் பழைய வார்டுத் தோழிகளுக்கும், இளநீரோடு வந்த மதினிக்கும், அடக்கத்துக்கு வந்து நின்ற ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வாசலில் பேசியவருக்கும் சேர்த்துத்தான். எப்போது வந்தாலும் வீட்டில் காப்பி உண்டு.

காலையில் எழுந்ததும் அந்த பாட்டிலை இன்றும் நிரப்பி வைக்கிறேன். பொழுது சாய்வதற்குள் முழுவதையும் நானே குடித்துவிடுகிறேன். கறிவேப்பிலைச் செடிக்கு இப்போது தனியாக ஊற்ற வேண்டியிருக்கிறது.