நத்தார் மரங்களை ஏரியில் இறக்கியவர்

மரியநாயகம் அண்ணை காலமான செய்தி எங்கள் தமிழ்ச் சங்கத்துக் குகன் மூலமாகத்தான் எனக்கு வந்தது. வேலை இடைவேளையில் கோப்பியும் கையுமாக நின்றேன். கைத்தொலைபேசி அடித்தது. "மரியநாயகம் நேற்றுப் போயிட்டாராம். நெஞ்சு வலியாம்" என்றான். பிறகு அவன் குரலைத் தணித்து, "செத்தவீட்டுக்கு நாங்கள் போகவேணுமோ?" என்று கேட்டான். ஒரு மனிதர் இறந்த செய்தியோடு இப்படியொரு கேள்வியும் சேர்ந்து வருவதென்றால், நாங்கள் அவரை என்ன பாடு படுத்தியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். நான் "பாப்பம்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு என் மேல் வெறுப்பாக இருக்கிறது.

கொலோன் நகரில் நடந்த இறுதிப் பூசைக்கு எண்ணி இருபது பேர்கூட வரவில்லை. அதிலும் பாதிப் பேர் அவர் வேலை செய்த பாண் சுடும் தொழிற்சாலையின் ஜேர்மன்காரர்கள். இந்த வருடம் வன்னிப் போரில் நடந்ததற்குப் பிறகு எங்கள் சனத்துக்கு அழுது களைத்துவிட்டது என்று ஒருவர் காரணம் சொன்னார். அது காரணம் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். அவரை அறிந்த உங்களுக்காக, முக்கியமாக அவரோடு கதைப்பதை நிறுத்திய உங்களுக்காக, இதை எழுதுகிறேன்.

ஊரில் அவர் சொந்தப் படகில் கடலுக்குப் போனவர். இங்கே தண்ணீரில் ஒரு தூண்டிலைப் போடுவதற்கும் பரீட்சை எழுத வேண்டும். ஐம்பது வயதில், விடிகாலை வேலை முடிந்து வந்து, அகராதியோடு குந்தியிருந்து படித்தார். இரண்டு தரம் கோட்டை விட்டார். "இருபது வருஷம் கடலிலை நிண்ட ஆளிட்டை மீன் படத்தைக் காட்டிப் பேர் கேக்கிறாங்களே அண்ணை" என்று நாங்கள் பகிடி பண்ணினோம். அவர் கோபப்படவில்லை. "கேக்கத்தான் வேணும். அங்கை எங்களை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. அதாலைதான் குஞ்சு குருமான் எல்லாத்தையும் அள்ளினம்" என்றார். மூன்றாம் தரம் சித்தியடைந்தார்.

நகருக்கு வெளியே, மணல் தோண்டிய பள்ளத்தில் உருவான ஏரி ஒன்றை ஒரு ஜேர்மன் தூண்டில் கழகம் பராமரித்து வந்தது. அதில் சேர்ந்த ஒரே தமிழர் அவர். சில வருடங்களில் ஏரியின் மேற்பார்வையையே அவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் வாக்குக் கொடுத்ததால்தான் எங்கள் சங்கத்துக்கு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஏரி கிடைத்தது. பரிசுக்காக மீன் பிடிப்பதை இங்கே சட்டம் ஏற்காது. ஆகவே கடுதாசியில் அது 'ஒன்றுகூடல்'. வெற்றிக் கோப்பையை ஒரு கிழமை கழித்து மண்டபத்தில் கொடுப்போம். அண்ணைக்கு இந்தக் கள்ளத்தனம் பிடிக்கவே பிடிக்காது. "திங்கிறதுக்குப் பிடி. கோப்பைக்காக ஒரு உயிரைப் பிடிக்கப்படாது" என்பார். ஆனாலும் சங்கத்து ஆட்களின் முகத்தை முறிக்க மாட்டாமல் தராசடியில் வந்து நிற்பார்.

கிறிஸ்மஸ் முடிந்து தை மாதம் பிறந்தால் ஜேர்மன்காரர்கள் நத்தார் மரங்களைத் தெருவோரம் எறிந்துவிடுவார்கள். அண்ணையும் நானும் என்னுடைய வான் வண்டியில் போய் அவற்றைப் பொறுக்குவோம். குப்பை பொறுக்கிறாய் என்று குகன் என்னை வைத்து நக்கலடிப்பான். மரங்களில் கல்லைக் கட்டி, வள்ளத்தில் கொண்டுபோய், ஏரியின் கிழக்கு மூலையில் இறக்குவோம். சாண்டர் என்கிற மீன், நம்மவர்கள் கொடுவாவைப் போலத் தேடி வாங்குவார்களே அதுதான், அந்தக் கிளைகளில் முட்டை இடும். முதல் தரம் போனபோது விரலெல்லாம் விறைத்துப்போய் நான் முனகிக்கொண்டிருக்க, அவர் வள்ளத்தில் இருந்து அதன் கதையைச் சொன்னார். "தாய் முட்டையை விட்டிட்டுப் போயிடும். தேப்பன்தான் காவல். சாப்பாடு தண்ணி இல்லை. செட்டையாலை விசிறிக்கொண்டே நிக்கும். கிட்ட என்ன வந்தாலும் கடிக்கும். பசியிலை இல்லை, பயத்திலை. அந்த நேரம் தூண்டிலைப் போட்டால் ஆரும் பிடிக்கலாம். அதிலை என்ன கெட்டித்தனம்?" அன்றைக்கு அவரோடு இருந்தது எனக்குச் சந்தோசமாக இருந்தது.

உலகக் கோப்பை உதைபந்தாட்டம் ஜேர்மனியில் நடந்த வருடம் நான் சங்கத்தின் விளையாட்டுச் செயலாளர். எங்கள் தூண்டில் நாள் வழக்கமாக யூன் கடைசியில் வரும். அந்த முறை அப்போது எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார்கள் என்று, போட்டிகள் தொடங்க முதல், யூன் முதல் ஞாயிறுக்கு நான் திகதியை வைத்தேன். மே முடிவோடு சாண்டர் பிடிக்கும் தடைக்காலமும் முடிகிறது. எல்லாம் சட்டப்படி சரி. அதற்கு முந்திய புதன்கிழமை அண்ணை மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த மே முழுக்கக் குளிர். வீட்டில் இன்னும் ஹீட்டர் போட்டிருந்தோம்.

"தண்ணி இன்னும் பன்னிரண்டு பாகைதான் தம்பி. மீன் இப்பதான் மரத்துக்கு வந்திருக்கு. மூண்டு கிழமை தள்ளி வை" என்றார்.

"ஏலாது அண்ணை. நோட்டீஸ் அடிச்சாச்சு. தடை முடிஞ்சுதுதானே."

"சட்டம் கலண்டரைப் பாக்கும். மீன் தண்ணியைத்தான் பாக்கும்."

நான் அசையவில்லை. அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "சரி, கிழக்கு மூலையிலை மட்டும் ஒருத்தரும் போடாமல் பாத்துக்கொள்" என்றார். நான் ஓம் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு மத்தியானம் வரை ஒருவருக்கும் ஒன்றும் கடிக்கவில்லை. அதற்கு முந்திய இரண்டு வருடமும் நான் இரண்டாம் இடம். அந்தக் கோப்பை எனக்கு வேண்டியிருந்தது. வேறு ஒரு நியாயமும் என்னிடம் இல்லை. தூண்டிலை எடுத்துக்கொண்டு கிழக்கு மூலைக்குப் போனேன். ஒரு மணித்தியாலத்தில் நான்கு சாண்டர். அதைக் கண்ட மற்றவர்களும் வந்து பக்கத்தில் நின்றார்கள். பின்னேரம் பார்க்கையில் பதினொரு மீன் கரையில் கிடந்தது.

தராசு ஏரியின் மறுகரையில் இருந்தது. நான் கொண்டுபோன மீனை அண்ணை புரட்டிப் பார்த்தார். காவலுக்கு நிற்கிற ஆண் மீனின் வயிறு கறுத்துப் போகும். நான்கின் வயிறும் கறுப்பு. நிறுத்தார், கொப்பியில் எழுதினார், என் பெயரைச் சரியாகவே எழுதினார். "எங்கை பிடிச்சனி எண்டு நான் கேக்கேல்லை" என்றார். பிறகு வள்ளத்தை எடுத்துக்கொண்டு தனியே கிழக்கு மூலைக்குப் போனார். திரும்பி வந்தபோது, "சின்ன மீனெல்லாம் வந்து முட்டையைத் திண்டுகொண்டு நிக்குது" என்று மட்டும் சொன்னார். அடுத்த கிழமை மண்டபத்தில் நான் கோப்பை வாங்கினேன். நீங்கள் கை தட்டினீர்கள்.

இலையுதிர் காலத்தில் கழகத்தார் வலை போட்டுப் பார்த்தார்கள். சாண்டர் குஞ்சு ஒன்றுகூட இல்லை. இந்தத் திகதியை வைத்தது யார், கூட்டில் நின்ற மீனைப் பிடிக்க விட்டது யார் என்று தலைவர் அண்ணையிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். பரிசுப் போட்டிதான் என்றால் நடத்தியவர்மேல் பொலிசில் முறையிடப் போவதாகவும் சொல்லியிருந்தார். அந்த நாட்களில் தமிழ்க் கடையில் அண்ணையைக் கண்டேன். "உன்ரை குடியுரிமை அன்ட்ராக் என்ன மாதிரி?" என்று கேட்டார். "இன்னும் முடிவு வரேல்லை அண்ணை" என்றேன். "சரி" என்று முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏன் கேட்டார் என்று எனக்கு நன்றாகவே விளங்கியது: என் பெயரில் பொலிஸ் முறைப்பாடு ஒன்று விழுந்தால் அந்த விண்ணப்பம் நின்றுவிடும். விளங்காதவன் போல வீட்டுக்கு வந்தேன்.

முறைப்பாடு ஒன்றும் போகவில்லை. அண்ணையைக் கழகத்திலிருந்து நீக்கினார்கள். ஏரி எங்களுக்கும் மூடப்பட்டது. பிறகு எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, மரியநாயகம்தான் எரிச்சலில் எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார், வெள்ளைக்கு வால் பிடிக்கிறார் என்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் முன் வரிசையில் இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வசந்தத்தில் எனக்கு ஜேர்மன் பாஸ்போர்ட் கிடைத்தது. கோவில் திருவிழாவில், கலியாண வீடுகளில் அண்ணையைக் கண்டால் நீங்கள் முகத்தைத் திருப்பினீர்கள். நானும் திருப்பினேன். நான் திருப்பியது வேறு காரணத்துக்காக.

பூசை முடிந்ததும் அவருடைய மகள் மெலனி என்னிடம் ஒரு கடுதாசியோடு வந்தாள். அப்பாவின் கோப்பில் இருந்ததாம், கழகத்துக்கு எழுதிய பதிலின் பிரதி. கோணல் எழுத்தில் பிழை பிழையான ஜேர்மன். 'திகதியை வைத்தது நான், கிழக்கு மூலையைக் காட்டியதும் நான், வேறு ஒருவருக்கும் இதில் பங்கில்லை' என்று அண்ணை எழுதியிருந்தார்.

"அப்பா அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை மாமா. எனக்கு விளங்கேல்லை. நீங்கள் அண்டைக்கு அங்கை நிண்டனீங்கள்தானே. இது உண்மையோ?"

"இல்லைப் பிள்ளை. திகதி வைச்சது நான். அந்த மூலையிலை முதல் தூண்டில் போட்டதும் நான்."

அவள் அழவில்லை. "அதுக்குப் பிறகு அப்பா ஒருநாளும் ஏரிப் பக்கம் போகேல்லை. ஞாயிறு முழுக்க ஜன்னலடியிலை சும்மா இருப்பார். அம்மா ஏன் எண்டு கேட்டால் களைப்பு எண்டு சொல்லுவார்" என்றாள். பிறகு, "இதை மற்ற ஆக்களுக்கும் சொல்லுவீங்களோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

கடுதாசியை என் கையில் வைத்தாள். "இதை நான் வைச்சிருக்கேலாது. நீங்களே வைச்சிருங்கோ."

வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து மரியநாயகம் அண்ணை தன் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அதுதான். அதன் அடியில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. அங்கே இருந்திருக்க வேண்டியது என்னுடையது.