ஆயிஷா அக்காவின் குதிரை பால் கொடுத்தது

ஆண்டாப் ஹில்லில் எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஆயிஷா அக்காவின் கொட்டகையில் இன்று குட்டி பிறந்தது. மூன்று மாதக் கைக்குழந்தையோடு வேடிக்கை பார்க்கப் போனேன்.

குட்டி நடுங்கிக்கொண்டே எழுந்து தாயின் முன்னங்காலைச் சப்பியது. பிறகு சுவரைச் சப்பியது. ஒருவழியாக மடிக்கு வந்தால், தாய் கூச்சம் தாங்காமல் உதைக்கப் போனது.

"சீம்பால் உள்ள போவலன்னா குட்டி தங்காதே," என்றார் அக்கா. ஆனாலும் அதட்டவில்லை. குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"ஏட்டி, பயப்படாத. மொதத் தடவ எல்லாருக்கும் இப்படித்தான். ஒம்மேல தப்பு இல்ல."

மெல்ல மெல்லக் குதிரை அடங்கி நின்றது. குட்டி பற்றிக்கொண்டது. சப்புகிற சத்தம் கேட்டது.

நான் அழுதுவிட்டேன்.

என் பிள்ளை பால் குடிக்காமல் கத்திய நாட்களில், "உனக்குப் பிள்ளைய ஒழுங்காப் பிடிக்கத் தெரியல", "நீ சரியா சாப்பிடல" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். "உன்மேல தப்பு இல்ல" என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அக்கா குதிரைக்குச் சொன்னதை நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். நன்றி அக்கா.

அன்று அறிவுரை சொன்ன சொந்தங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறீர்கள். கமெண்டுக்குத் தாராளமாக வரலாம். முதலில் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுப் பேசவும்.